தோற்ற அரசன் உயிரோடிருந்தால்…



சரித்திரத் தொடர் வெளிவரும் வாரங்களில் நமக்கு வரும் கடிதங்களுக்குத் தனிக் குணம் உண்டு. கதாநாயகன் பிழைப்பானா என்று கேட்பவர்கள் குறைவு; நிஜமாகவே அந்தக் காலத்தில் இப்படி நடந்திருக்குமா என்று கேட்பவர்கள்தாம் அதிகம். ஒரு கல்லூரி மாணவி இப்படிக் கேட்டிருந்தார்: "காலையில் தொடங்கும் போர் சாயங்காலம் முடிகிறது. உடனே நாட்டுக்கு வேறு ராஜா வந்துவிடுகிறார். களத்துக்கே வராத லட்சக்கணக்கான ஜனங்கள் அதை எப்படி ஒப்புக்கொண்டார்கள்?"

கேள்வி என்னை விடவில்லை. பதில் தேட இங்கிலாந்தின் சரித்திரம் தோதானது. அங்கே அரியணைக்காக அண்ணன் தம்பியும், மாமன் மருமகனும், பெரியப்பன் பிள்ளையும் சித்தப்பன் பிள்ளையும் சலிக்காமல் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மடாலயத்துத் துறவிகள் அதையெல்லாம் ஆண்டுவாரியாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் உங்களைக் கொஞ்சம் குளிரான, சேறான இடங்களுக்கு அழைத்துப் போகிறேன்.

முதலில், பள்ளிக்கூடத்தில் நாமும் படித்த 1066. ஜனவரி 5 அன்று எட்வர்டு மன்னர் பிள்ளையில்லாமல் இறந்தார். மறுநாள் அவரை அடக்கம் செய்தார்கள். அதே நாளில் அவருடைய மைத்துனர் ஹரால்டு காட்வின்சன் முடிசூடிக்கொண்டார். இத்தனை அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கடலுக்கு அப்பால் நார்மண்டியில் கோமகன் வில்லியம், 'அரியணையை எனக்குத் தருவதாக எட்வர்டு சொல்லியிருந்தார்' என்று காத்திருந்தார். வடக்கே நார்வே மன்னர் ஹரால்ட் ஹார்ட்ராடாவுக்கும் அதே ஆசை. போதாக்குறைக்கு, ஹரால்டின் சொந்தத் தம்பி டோஸ்டிக், அண்ணன்மேல் இருந்த கோபத்தில் நார்வேக்காரரோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.

அந்தக் கோடை முழுக்க ஹரால்டு தென்கரையில் படையோடு காவல் காத்தார். வில்லியம் வரவில்லை. செப்டம்பர் 8-ஆம் தேதி, தானியம் தீர்ந்துபோய், ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் எல்லாம் ஒரேயடியாக வந்தது. செப்டம்பர் 20 அன்று யார்க் நகருக்கு அருகே ஃபுல்ஃபோர்டில் நார்வேப் படை ஜெயித்தது. ஹரால்டு தெற்கிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் விரைந்து போய், 25-ஆம் தேதி ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் அவர்களை எதிர்பாராத நேரத்தில் தாக்கினார். ஹார்ட்ராடாவும் டோஸ்டிக்கும் அங்கேயே மாண்டார்கள். முந்நூறு கப்பல்களில் வந்தவர்களில் மிஞ்சியவர்கள் ஊர் திரும்ப 24 கப்பல்களே போதுமானதாக இருந்தன என்கிறது அக்காலக் குறிப்பு. வெற்றியைக் கொண்டாட மூன்று நாள்கூடக் கிடைக்கவில்லை. 28-ஆம் தேதி, காற்று திசைமாறி, வில்லியம் பெவன்ஸி கரையில் இறங்கிவிட்டார்.

அக்டோபர் 14, சனிக்கிழமை. ஹேஸ்டிங்ஸ் போர் என்று பெயரே தவிர, நடந்தது அந்த ஊருக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்றில். ஹரால்டின் வீரர்கள் மேட்டில் நெருக்கமாக நின்று கேடயங்களைச் சுவராக அடுக்கிக்கொண்டார்கள். இரண்டு கையாலும் வீசும் கோடரிகள் அவர்களிடம் இருந்தன. நார்மன் குதிரைப்படை கீழேயிருந்து ஏறவேண்டும். காலை ஒன்பது மணியிலிருந்து இருட்டும்வரை சண்டை. நடுவில் வில்லியம் செத்துப்போனார் என்று வதந்தி பரவி, அவருடைய படை ஓடத் தொடங்கியது. அவர் தலைக்கவசத்தை உயர்த்தி முகத்தைக் காட்டி ஆட்களைத் திருப்பினார். சுமார் 70 மீட்டர் நீளமுள்ள பேயூ பூவேலைத் துணியில் இந்தக் காட்சி நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. நார்மன்கள் ஓடுவதுபோல் போக்குக் காட்டினார்கள். துரத்திக்கொண்டு இறங்கியவர்களை மடக்கிக் கொன்றார்கள். சுவர் மெலிந்தது. பொழுது சாய்கிற வேளையில் ஹரால்டு விழுந்தார். கண்ணில் அம்பு பாய்ந்ததா, வாளால் வெட்டுண்டாரா என்று அந்தத் துணியில் உள்ள இரண்டு உருவங்களைக் காட்டி அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு அந்த அம்பைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொரு செய்தி. ஹரால்டின் தம்பிகள் கிர்த், லியோஃப்வைன் இருவரும் அதே குன்றில் மாண்டார்கள். தெற்கில் படையைத் திரட்டி 'நான் இருக்கிறேன்' என்று சொல்லக்கூடியவர்கள் ஒரே பகலில் போய்விட்டார்கள். லண்டன் பெரியவர்கள் பழைய ராஜவம்சத்துப் பையன் எட்கரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆனால் முடிசூட்டவில்லை. சில வாரங்களில் அந்தப் பையனே வில்லியத்திடம் பணிந்துவிட்டான். கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு. உள்ளே கிளம்பிய வாழ்த்தொலியைக் கலகம் என்று நினைத்த நார்மன் காவலர்கள் வெளியே வீடுகளுக்குத் தீ வைத்தார்களாம். வடக்கு அப்போதும் அடங்கவில்லை. 1069-70 குளிர்காலத்தில் வில்லியம் அங்கே ஊர்களையும் தானியத்தையும் கொளுத்தி, ஜனங்களைப் பட்டினிபோட்டுத்தான் அடக்கினார். ஆக, மாணவியின் கேள்விக்கு முதல் பதில்: ஜனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டார்கள்.

அந்த எட்கரை மறந்துவிடாதீர்கள். நாற்பது ஆண்டு கழித்து அவரை இன்னொரு களத்தில் பார்க்கிறோம். வில்லியத்தின் பிள்ளைகள் இருவர், மன்னர் முதலாம் ஹென்றியும் அவருடைய அண்ணன் ராபர்ட்டும், 1106 செப்டம்பர் 28 அன்று நார்மண்டியில் தின்ஷ்ப்ரே என்ற இடத்தில் மோதினார்கள். அப்பா பெவன்ஸியில் இறங்கிய அதே தேதி. தம்பி ஜெயித்தார், அண்ணன் பிடிபட்டார். அண்ணன் பக்கம் நின்ற எட்கரும் பிடிபட்டார். எட்கரை விட்டுவிட்டார்கள், அவரைக் கண்டு யாருக்கும் பயமில்லை. ராபர்ட்டை மட்டும் விடவே இல்லை. 1134-இல் கார்டிஃப் கோட்டையில் சாகும்வரை, இருபத்தெட்டு வருஷம், சிறை. கொல்லாமல் கொல்வது என்பது இதுதான்.

தோற்றவரை வெளியே விட்டால் சண்டை ஓயாது என்ற இந்தக் கணக்கு புரியாமல் கோட்டைவிட்டவர் மட்டில்டா. முதலாம் ஹென்றியின் மகள். பட்டத்துக்கு அவர்தான் என்று அப்பா பிரபுக்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அப்பா கண்ணை மூடியதும் அத்தை மகன் ஸ்டீஃபன் முந்திக்கொண்டு முடிசூடிவிட்டார். 1141 பிப்ரவரி 2 அன்று லிங்கனில் நடந்த போரில் மட்டில்டாவின் ஆட்கள் ஸ்டீஃபனை உயிரோடு பிடித்தார்கள். மன்னரே கைதி! இதைவிட முழுமையான வெற்றி வேறு என்ன வேண்டும்? ஆனால் ஜூன் மாதம் முடிசூட லண்டனுக்கு வந்த மட்டில்டா, வந்ததும் வராததுமாக நகரத்தாரிடம் பணம் கேட்டார். நகரத்தார் மணியடித்துக் கூட்டம் கூட்டி அவரை விரட்டிவிட்டார்கள். செப்டம்பரில் அவருடைய வலக்கையாக இருந்தவர், அப்பாவின் முறைபிறழ்ந்த மகனான குளோஸ்டர் பிரபு ராபர்ட், எதிரிகளிடம் சிக்கினார். கைதிக்குக் கைதி என்று பேச்சு முடிந்து, ஸ்டீஃபன் மறுபடி அரியணைக்கே போனார். சண்டை 1153 வரை இழுத்தது. கடைசியில் எதை வைத்து முடித்தார்கள் தெரியுமா? ஸ்டீஃபனின் மூத்த மகன் திடீரென்று இறந்துபோனான். மனமுடைந்த ஸ்டீஃபன், தனக்குப் பின் மட்டில்டாவின் மகனே மன்னன் என்று ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார். லிங்கன் வெற்றி பெற்றுத்தராததை ஒரு சாவு பெற்றுத்தந்தது.

அதே லிங்கனில் 1217 மே 20 அன்று இன்னொரு போர். என் மனசுக்குப் பிடித்தது இது. பிரெஞ்சு இளவரசர் லூயி, ஜான் மன்னரோடு பகைத்த ஆங்கிலப் பிரபுக்களின் அழைப்பில் வந்து லண்டனில் உட்கார்ந்திருந்தார். நாட்டில் பாதி அவர் கையில். அந்த நிலையில் 1216 அக்டோபரில் ஜான் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். ஜானுக்குச் செய்யத் தெரிந்த ஒரே உருப்படியான காரியம் அந்தச் சமயத்தில் செத்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஜானோடு சண்டைபோட்டவர்களுக்கு அவருடைய ஒன்பது வயது மகன் ஹென்றிமேல் என்ன கோபம்? குழந்தைக்கு அவசர அவசரமாகக் குளோஸ்டரில் முடிசூட்டினார்கள். பாதுகாவலராக வந்தவர் வில்லியம் மார்ஷல், வயது எழுபதை ஒட்டியது. ஜான் பிரபுக்களுக்கு எழுதிக்கொடுத்திருந்த மகா சாசனத்தை (மாக்னா கார்ட்டா) திருத்தி, சிறுவன் பெயரில் மறுபடி வெளியிட்டு, பிரபுக்களில் பலரை ஒவ்வொருவராகத் திரும்பி வரவைத்தார்.

லிங்கன் நகரம் லூயியின் ஆட்கள் கையில்; கோட்டையை மட்டும் ஓர் அம்மாள் விடாமல் காத்துக்கொண்டிருந்தார். நிக்கோலா டி லா ஹே, அறுபதைக் கடந்த விதவை. கோட்டையை மீட்க வந்த மார்ஷல், சண்டை ஆவேசத்தில் தலைக்கவசம் போட மறந்தே குதிரையைத் தட்டிவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பாடிய காவியம் சொல்கிறது. தெருக்களில் நடந்த அந்தச் சண்டையில் முக்கியஸ்தர்கள் அதிகம் சாகவில்லை. ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், சிறைபிடித்துப் பணயத்தொகை வாங்குவதுதான் லாபம். அன்று அழிந்தது ஊர்தான். ஜெயித்தவர்கள் அடித்த கொள்ளையால் அந்தப் போருக்கே 'லிங்கன் சந்தை' என்று கேலிப்பெயர் வந்தது. லூயிக்குப் பத்தாயிரம் மார்க் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். தோற்ற போட்டியாளர் உயிரோடு, அதுவும் பணத்தோடு போனது அபூர்வம். அவருக்குத் திரும்பிப்போக அப்பா ஆளும் ஒரு நாடு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படிப் போக இடமில்லாதவர்கள் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு டவ்டன். யார்க் குடும்பமும் லங்காஸ்டர் குடும்பமும் முட்டிக்கொண்ட ரோஜாப் போர்களில் அதுவே மகா கோரம். 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு, பனிப்புயல். காற்று லங்காஸ்டர் படையின் முகத்தில் அடித்தது. யார்க் வில்லாளர்களின் அம்புகள் காற்றோடு நெடுந்தூரம் போயின. எதிர்ப்பக்கத்து அம்புகள் பாதி வழியிலேயே விழுந்தன. விழுந்ததைப் பொறுக்கித் திருப்பி எய்தார்கள். இறந்தவர்கள் 28,000 என்று அப்போதே கடிதங்களில் எழுதினார்கள். வரலாற்றாசிரியர்கள் அவ்வளவை நம்புவதில்லை. ஆனால் 1996-இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது அங்கே ஒரே குழியில் கிட்டத்தட்ட நாற்பது பேரின் எலும்புகள் கிடைத்தன. மண்டைகளில் அத்தனை வெட்டு. பதினெட்டு வயது நான்காம் எட்வர்டு வென்றார். வென்று என்ன? தோற்ற ஆறாம் ஹென்றி ஸ்காட்லாந்துக்குத் தப்பிவிட்டார். பிறகு பிடித்து லண்டன் கோபுரக் கோட்டையில் வைத்தார்கள், அப்போதும் கொல்லவில்லை. விளைவு, 1470-இல் எட்வர்டு நாட்டைவிட்டு ஓட, ஹென்றி சிறையிலிருந்து நேராகச் சிம்மாசனத்துக்கு வந்தார். எட்வர்டு திரும்பி வந்து பார்னெட், டியூக்ஸ்பரி என்று 1471-இல் மூன்று வார இடைவெளியில் இரண்டு போர்கள் போட வேண்டியிருந்தது. இரண்டாவதில் ஹென்றியின் ஒரே மகன் இறந்தான். அதற்குப் பிறகு ஹென்றியை உயிரோடு வைத்திருக்க யாருக்கும் காரணம் இல்லை. எட்வர்டு லண்டன் திரும்பிய இரவே கோபுரத்தில் அவர் கதை முடிந்தது. துக்கத்தால் இறந்தார் என்று அறிவித்தார்கள்.

இப்போது பாஸ்வர்த். 1485 ஆகஸ்ட் 22. மன்னர் மூன்றாம் ரிச்சர்டு, நான்காம் எட்வர்டின் தம்பி. கோபுரக் கோட்டைக்குள் போன அண்ணன் பிள்ளைகள் இருவரும் பிறகு வெளியே தென்படவே இல்லை என்பதால் ஊர் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. எதிரே ஹென்றி டியூடர்: பதினான்கு வருஷம் அயலூரில் தஞ்சமிருந்தவர், தாய்வழியில் மெல்லிய ராஜ உறவு, பெரிய போர் எதையும் நடத்திய அனுபவமில்லாதவர். ஆகஸ்ட் 7 அன்று வேல்ஸ் கரையில் இறங்கி நடந்து வந்தார். ரிச்சர்டின் படை அளவில் பெரிது.

ஆனால் களத்தின் ஓரத்தில் மூன்றாவதாக ஒரு படை நின்றது. ஸ்டான்லி சகோதரர்களின் ஆயிரக்கணக்கான ஆட்கள். மூத்தவர் தாமஸ், ஹென்றியின் தாயை மணந்தவர், அதாவது ஹென்றிக்குச் சிற்றப்பன் முறை. அவருடைய மகன் ரிச்சர்டிடம் பிணைக்கைதி. உடனே வந்து சேராவிட்டால் மகன் தலை போகும் என்று ரிச்சர்டு ஆள் அனுப்ப, 'எனக்கு வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள்' என்று தாமஸ் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. சண்டை தொடங்கிய பிறகும் ஸ்டான்லிகள் மதில்மேல் பூனையாகவே இருந்தார்கள். ரிச்சர்டின் பின்னணிப் படையை வைத்திருந்த நார்தம்பர்லாண்டு பிரபுவும் அசையவில்லை. முன்னணியில் நார்ஃபோக் கோமகன் விழுந்துவிட்டார். அப்போது ரிச்சர்டுக்கு, தூரத்தில் ஹென்றி சிறு காவலோடு நிற்பது தெரிந்தது.

ஹென்றியைத் தீர்த்துவிட்டால் இன்றே எல்லாம் முடிந்துவிடும். இந்தக் கட்டுரையின் கணக்கு முழுவதும் ரிச்சர்டுக்குத் தெரிந்திருந்தது. குதிரையைத் திருப்பித் தன் மெய்க்காவலரோடு பாய்ந்தார். ஹென்றியின் கொடிக்காரரைக் கொன்றார். ஜான் செய்னி என்ற ஆஜானுபாகுவான வீரரைக் குதிரையிலிருந்து கீழே தள்ளினார். ஹென்றிக்கு மிக அருகில் வந்துவிட்டார். அந்தக் கணத்தில்தான் இளைய ஸ்டான்லி, வில்லியம், முடிவெடுத்தார், ஹென்றிக்காக. ரிச்சர்டு சதுப்பில் சிக்கி, குதிரையை இழந்து, சூழப்பட்டு இறந்தார். வயது 32. அவருக்குப் பின் எந்த ஆங்கில மன்னரும் போர்க்களத்தில் சாகவில்லை. அவருடைய ஒரே சட்டபூர்வ மகன் முந்தின வருஷமே போய்விட்டான். அரியணைக்கு வழி காலியாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஹென்றி செய்த ஒரு காகித வேலை எனக்குப் போரைவிட வியப்பு. தன் ஆட்சி ஆகஸ்ட் 21 அன்று, அதாவது போருக்கு முந்தின நாளே, தொடங்கிவிட்டது என்று பதிவு செய்தார். அப்படியானால் மறுநாள் ரிச்சர்டு பக்கம் சண்டையிட்டவர்கள் எல்லாம் மன்னருக்கு எதிராக வாளெடுத்த ராஜத்துரோகிகள்; அவர்களுடைய நிலபுலன்களைப் பறிமுதல் செய்யலாம். தங்கள் அப்போதைய மன்னர் கூப்பிட்டதால் வந்தவர்கள் அவர்கள்! அந்தக் காலத்து மடாலயக் குறிப்பாளர் ஒருவரே இதற்கு மனம் பொறுக்காமல் எழுதியிருக்கிறார். ஹென்றிக்கு முடிவாங்கித்தந்த வில்லியம் ஸ்டான்லி என்ன ஆனார்? 1495-இல், ஒரு போலி வாரிசுக்கு உதவினார் என்று குற்றம்சாட்டி, அதே ஹென்றி அவர் தலையை வாங்கினார். ஒருமுறை தாமதமாகத் தாவியவர் இன்னொரு முறையும் தாவுவார் என்று நினைத்திருக்கலாம்.

ரிச்சர்டின் உடலை லெஸ்டர் நகருக்குக் கொண்டுபோய்த் துறவிகளின் கோயிலில் புதைத்தார்கள். பின்னாளில் கோயிலே இடிபட்டுப்போனது. 2012 ஆகஸ்டில் அந்த இடத்தில் இருந்த ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டினார்கள். வளைந்த முதுகெலும்போடு அவர் கிடைத்தார். மரபணுச் சோதனையில் உறுதியானது. சாகும் தறுவாயில் பட்ட காயங்கள் பதினொன்று, அவற்றில் ஒன்பது மண்டையில். 2015 மார்ச்சில் லெஸ்டர் பேராலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கை: போர்க்களம் என்று கொடி நட்டு, பார்வையாளர் மையம் கட்டி வைத்திருந்த குன்று களமே இல்லை. சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி, வயல்களில் உலோகம் தேடும் கருவியோடு நடந்து, முப்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகளையும் வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசிய ஒரு காட்டுப்பன்றிச் சின்னத்தையும் எடுத்தார்கள். காட்டுப்பன்றி ரிச்சர்டின் முத்திரை.

பாஸ்வர்த்துக்குப் பின் இரண்டே வருஷத்தில், 1487-இல், யார்க் வாரிசு என்று சொல்லி லாம்பர்ட் சிம்னல் என்ற சிறுவனுக்கு டப்ளினில் முடிசூட்டிக் கூட்டிவந்தார்கள். ஸ்டோக் களத்தில் ஹென்றி வென்றார். பையனைக் கொல்லாமல் அரண்மனை அடுக்களையில் இறைச்சிக் கம்பி திருப்பும் வேலை கொடுத்தார். உயிரோடிருந்தாலும் இனி யாரும் அவனை மன்னன் என்று நினைக்க முடியாதபடி செய்த புத்திசாலித்தனம் அது.

இருநூறு வருஷம் தாண்டினால், போரே இல்லாமல் மன்னர் மாறிய கதையும் வருகிறது. அதில் நம் ஊருக்கும் ஒரு நூலிழை உண்டு. 1685 ஜூலையில் செட்ஜ்மூரில், அண்ணனின் முறைபிறழ்ந்த மகன் மான்மத் கோமகனை இரண்டாம் ஜேம்ஸின் படை நசுக்கியது. ஒன்பது நாளில் தலையும் போயிற்று. ஜேம்ஸ் அசைக்க முடியாதவராகத் தெரிந்தார். 1687 டிசம்பர் 30 அன்று சென்னப்பட்டணத்துக்கு ஒரு மாநகராட்சி வேண்டும் என்று சாசனம் அளித்தவர் இந்த ஜேம்ஸ்தான். அதன்படி 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி தொடங்கியது. ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 5 அன்று, ஜேம்ஸின் மருமகன் ஆரஞ்சு வில்லியம் படையோடு இங்கிலாந்தில் கரையிறங்கினார். செட்ஜ்மூரில் ஜேம்ஸுக்காகப் போரிட்ட ஜான் சர்ச்சில் உள்படத் தளபதிகள் இரவோடிரவாக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பாஸ்வர்த்தில் ஓரத்தில் நின்றவர்கள் செய்ததை இங்கே படைநடுவில் நின்றவர்களே செய்தார்கள். டிசம்பரில் ஜேம்ஸ் அரசு முத்திரையைத் தேம்ஸ் நதியில் எறிந்துவிட்டு ஓடினார். கப்பல் சேதி இங்கே வந்துசேர மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. அதுவரை நம் புதிய மாநகராட்சி, ஓடிப்போன மன்னரின் பெயரிலேயே நடந்துகொண்டிருந்தது.

ஜேம்ஸ் உயிரோடு பிரான்சுக்குத் தப்பினார் அல்லவா? நீங்கள் எதிர்பார்த்ததுதான். 1690-இல் அயர்லாந்தில் பாய்ன் ஆற்றங்கரையில் மருமகனோடு போர். ஜேம்ஸின் பேரன் 1746-இல் ஸ்காட்லாந்தில் கல்லோடனில் தோற்கும்வரை அந்த வழக்கு தீரவில்லை.

மாணவிக்கு இந்தப் பக்கத்தையே பதிலாக அனுப்புகிறேன். பாய்ன், கல்லோடன் கதைகளைத் தனியே எழுதலாமா என்று யோசனை இருக்கிறது. வேண்டுமென்றால் ஓர் அஞ்சலட்டை போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்